காசாக வாங்குவதற்கு முன் பட்டியலைக் கேளுங்கள்: கிறைஸ்ட்சேர்ச் வீடொன்றின் நிலநடுக்க இழப்பீடு பற்றி

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தங்கை குடும்பம் 2008 முதல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் சொந்த வீட்டில் வசிக்கிறது. 2011 நிலநடுக்கத்தில் சேதமடைந்த அந்த வீட்டை, காப்புறுதி ஏற்பாட்டின்கீழ் 2013 இல் திருத்திக் கொடுத்தார்கள். இப்போது தளம் மீண்டும் சரிந்து, அறைக் கதவுகள் இறுகத் தொடங்கியிருக்கின்றன. முன்னைய திருத்தம் சரியில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, 64,000 நியூசிலாந்து டொலரைக் காசாகத் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. "ரூபாயில் ஒரு கோடிக்கு மேல் வருகிறது. வாங்கித் திருத்தியது போக, மிச்சத்தில் இங்கே அம்மாவின் வீட்டுக் கூரையையும் மாற்றிவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

என் தொழில் கட்டடச் செலவு மதிப்பிடுவது; எங்கள் பக்கத்தில் 'கியூ.எஸ்.' என்றால் எல்லோருக்கும் விளங்கும். 2012 முதல் நான்கு ஆண்டுகள் அந்த நகரத்தில்தான் வேலை செய்தேன். இப்போது கல்லடியில் இருக்கிறேன். மட்டக்களப்பில் வீடு என்பது பெண்பிள்ளைக்குப் போவது. அதைக் கட்டி எழுப்புவது தகப்பனும் அண்ணன் தம்பிமாரும். ஆகவே தங்கையின் வீட்டைப் பற்றிய கேள்வி அண்ணனிடமிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். 64,000 டொலர் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அது சரியான தொகையாகவும் இருக்கலாம், வேண்டியதில் பாதியாகவும் இருக்கலாம். எந்தெந்த வேலைக்காக அந்தத் தொகை என்ற பட்டியல் உங்கள் கேள்வியில் இல்லை, அது இல்லாமல் தொகையைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் வீட்டுக்குத் தனியார் காப்புறுதி எடுத்தவருக்கு நிலநடுக்கச் சேதத்தின் முதல் அடுக்கை அரசாங்கத்தின் நிலநடுக்க ஆணைக்குழு பொறுப்பேற்கும். அதற்கு மேற்பட்டது தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. 2010 செப்டெம்பர் 4 அன்று 7.1 அளவிலும், 2011 பெப்ரவரி 22 அன்று 185 பேரைப் பலிகொண்டு 6.3 அளவிலும் நிலம் நடுங்கிய காலத்தில், அந்த முதல் அடுக்கின் உச்சவரம்பு ஒரு வீட்டுக்கு 100,000 டொலரும் அதற்கான ஜீ.எஸ்.டி. என்னும் பொருள்-சேவை வரியுமாக இருந்தது. உச்சவரம்பு ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும் என்று 2011 இலேயே நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வரம்பு 2019 இல் 150,000 ஆகவும் 2022 இல் 300,000 ஆகவும் உயர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின்கீழ் ஆணைக்குழுவின் பெயரும் இயற்கை அனர்த்த ஆணைக்குழு என்று மாறிவிட்டது. ஆனால் உங்கள் தங்கையின் சேதம் 2011 க்குரியது. ஆகவே 1993 ஆம் ஆண்டுச் சட்டமும் பழைய வரம்புமே அவருக்குப் பொருந்தும். இணையத்தில் 300,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு யாராவது நம்பிக்கையூட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பழைய சட்டத்தில் வீட்டுக்காரருக்குச் சாதகமான ஒரு வரி உண்டு. சேதமடைந்த பகுதியை, அது புதிதாக இருந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அதற்குப் பெரும்பாலும் ஒத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அது. நிலநடுக்கத்துக்கு முதல் நாள் இருந்த பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணத்தில் பல ஆண்டுகள் வேலைகள் நடந்தன. வீட்டுக்காரர்கள் குழுவொன்று வழக்குத் தொடுத்து, 2016 இல் ஆணைக்குழுவுடன் கூட்டு அறிக்கை வெளியிட்ட பிறகுதான் அளவுகோல் 'புதிதாக இருந்த நிலை' என்பது எல்லோருக்கும் தெளிவானது. ஆகவே பட்டியல் வந்ததும் பார்க்க வேண்டிய முதல் விடயம், எந்த அளவுகோலில் அது தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். "முன்னிருந்த நிலை" என்ற சொல் எங்காவது தென்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.

இனி, தளம் ஏன் திரும்பவும் சரிந்தது என்பதைப் பார்ப்போம். இது விளங்கினால் காசு எவ்வளவு வேண்டும் என்பதும் ஓரளவு விளங்கும். கிறைஸ்ட்சேர்ச்சின் பழைய வீடுகள் நம்முடைய வீடுகளைப்போல் கருங்கல் அத்திவாரத்தில் நிற்பவையல்ல. சுற்றிவர ஒரு கொங்கிரீட் கட்டு, நடுவில் வரிசை வரிசையாகக் குட்டைத் தூண்கள், அவற்றின்மேல் கிடைமரங்கள், அதன்மேல் பலகைத் தளம். கல்லடிக் கடற்கரையில் ஈர மணலில் நின்று காலை ஆட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் இளகி, நீர் மேலே வந்து, கால் புதையும். நிலநடுக்கத்தின்போது அந்த நகரத்தின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் நடந்தது அதுதான். தூண்கள் ஓரிடத்தில் இரண்டு அங்குலம், இன்னோரிடத்தில் நான்கு அங்குலம் என்று இறங்கின. திருத்த வந்தவர்கள் பல வீடுகளில் கிடைமரத்தை ஜக் வைத்து உயர்த்தி, தூணுக்கும் மரத்துக்கும் இடையில் உண்டான வெளியில் மரக்கட்டைகளைச் செருகினார்கள். முறை தவறானதல்ல, செருகிய கட்டையைத் தூணோடும் மரத்தோடும் சேர்த்து ஆணியும் கம்பியும் கொண்டு இறுக்கிக் கட்டினால் அது நிற்கும். கட்டாமல் விட்டால் நிற்காது. ஒரு வீட்டின் கீழே கைவிளக்குடன் முழங்காலில் ஊர்ந்து போனபோது, தூண் ஒன்றின்மேல் ஐந்து சிறு கட்டைகள் சீட்டுக்கட்டுப்போல் அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். மேலேயுள்ளதை இரண்டு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. அதன்மேல்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கட்டில் இருந்தது.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2015 இல் கட்டடத்துறைக்குப் பொறுப்பான அமைச்சு எழுந்தமானமாகத் தெரிந்து பரிசோதித்த வீடுகளில், கட்டமைப்புத் திருத்தம் செய்யப்பட்டவை 90. அவற்றில் 32 வீடுகளின் வேலை கட்டடவிதிக்கு அமையவில்லை. பெரும்பாலான குறைகள் இந்த உயர்த்திச் செருகும் வேலையில்தான் இருந்தன.

ஆகவே உங்கள் தங்கையின் பட்டியலில் தளத்தைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "தளத்தைச் சமன்செய்தல்" என்று ஒரே வரி இருந்தால், அது கட்டைகளைத் திரும்பச் செருகுவதற்கான காசாக இருக்கலாம். தூண்களை மாற்றுவதற்கான காசாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல மடங்கு. எத்தனை தூண்கள், எத்தனை மாற்றப்படும், எத்தனை சரிசெய்யப்படும் என்ற எண்ணிக்கை எழுத்தில் வேண்டும். தளத்தின் மட்டத்தை அளந்த வரைபடமும் வேண்டும். அந்நாட்டு வழிகாட்டலின்படி, இரண்டு மீற்றருக்கு மேல் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளுக்கிடையே சரிவு இருநூறுக்கு ஒன்றைத் தாண்டினாலோ, வீடு முழுவதிலும் உயரவேறுபாடு 50 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ மட்டம் திருத்தும் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். போளையொன்றைத் தரையில் விட்டு அது உருள்வதைக் காட்டும் காணொளி வீட்டாருக்குச் சரிவை விளக்கும். மதிப்பீட்டாளரிடம் செல்லுபடியாவது எண்கள்தான்.

அடுத்ததாக, வேலையின் விலைக்கும் வேலை செய்விப்பதன் விலைக்கும் உள்ள தூரம். இங்கேதான் காசுத் தீர்வு எடுத்தவர்களில் அதிகம் பேர் அடிபட்டார்கள் என்பது என் கணிப்பு. ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. தச்சு, கொங்கிரீட், பூச்சு, வர்ணம் எல்லாம் சேர்த்து 60,000 டொலர் வேலை என்று வைத்துக்கொள்வோம். வேலைத்தளத்தை ஒழுங்குபடுத்தல், சாரம், குப்பை அகற்றல், மேற்பார்வை என்று ஒப்பந்தகாரருக்கு 8 வீதம்: 4,800. அவருடைய இலாபம் 10 வீதம்: 6,480. பொறியியலாளரின் அறிக்கை, வரைபடம், நகரசபை அனுமதி: 7,000. தரையைத் திறந்த பிறகு தெரியவருபவற்றுக்கான தற்செயல் ஒதுக்கீடு 10 வீதம்: 7,828. இவ்வளவுக்கும் 15 வீத ஜீ.எஸ்.டி.: 12,916. கூட்டினால் 99,024 டொலர். வேலை அதேதான், 60,000 என்று தொடங்கியது ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் வந்து நிற்கிறது. உங்கள் தங்கைக்குச் சொல்லப்பட்ட 64,000 இந்த ஏணியின் எந்தப் படியில் இருக்கிறது? முதல் படியில் இருந்தால் கையிலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் போடவேண்டி வரும். கடைசிப் படியில் இருந்தால் அது நியாயமான தொகை.

இந்தப் படிகளுக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. வீட்டைத் திரும்பக் கட்டாமல் வேறு வீடு வாங்கும் காப்புறுதிதாரருக்குக் கொடுக்கும் தொகையைக் கணக்கிடும்போதும், தற்செயல் ஒதுக்கீட்டையும் தொழிற்கட்டணங்களையும் சேர்க்க வேண்டும் என்று 2015 இல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு வழக்கில், ஒரு தம்பதிக்குக் காட்டப்பட்ட மதிப்பீட்டில் இந்தச் செலவுகள் அடங்கிய பகுதி இருக்கவில்லை. முழு மதிப்பீடு அரசுக்குச் சொந்தமான அந்தக் காப்புறுதி நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. அவர்கள் முழுத் தீர்வாகக் கையெழுத்திட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அது தெரியவந்தது. 2019 இல் மேல் நீதிமன்றம் அவர்களுக்கு ஏறத்தாழ 179,000 டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சிறிய குறைப்புடன் அதை உறுதிசெய்தது. அதே நிலையிலிருந்த மற்றவர்களுக்கும் மீதியைக் கொடுக்க அரசாங்கம் பின்னர் திட்டமொன்றை அறிவித்தது. ஆகவே "உங்களிடம் உள்ள மதிப்பீட்டின் எல்லாப் பக்கங்களும், எல்லாப் பதிப்புகளும் வேண்டும்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த நாட்டில் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது சட்டம் தந்த உரிமை. மின்னஞ்சலில் கேட்டால் போதும்.

கடிதத்தை அனுப்பியது ஆணைக்குழுவா தனியார் நிறுவனமா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அதைப் பொறுத்து இன்னொரு விடயம் மாறும். ஆணைக்குழு வழமையான முறையில் செய்யும் கொடுப்பனவுக்குப் பிறகு, அதே நிலநடுக்கத்தால் உண்டான வேறு சேதம் தெரியவந்தால் திரும்பிப் போய்க் கேட்பதற்கு வழி இருந்துவந்திருக்கிறது. தனியார் நிறுவனத்தின் தீர்வு ஒப்பந்தமோ, பிணக்கை முடித்துவைக்க எழுதப்படும் ஒப்பந்தமோ அப்படியல்ல. "அறியப்பட்ட, அறியப்படாத சகல சேதங்களுக்கும் முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு பந்தி அதில் இருக்கும். அந்தப் பந்திக்குக் கீழே கையெழுத்து வைத்தால், தரைப்பலகையைத் திறக்கும்போது கீழே என்ன கிடந்தாலும் அது தங்கையின் தலையில். காசுத் தீர்வில் உண்மையில் கைமாறுவது அந்த ஆபத்துத்தான். தரப்படும் தொகை அதை ஏற்பதற்குப் போதுமா என்றுதான் யோசிக்க வேண்டும். 1950 களுக்கும் 1980 களுக்கும் இடையில் கட்டிய வீடாக இருந்தால், கூரைத்தட்டின் பூச்சிலோ பழைய வைனில் தரைவிரிப்பிலோ கல்நார் இருக்க வாய்ப்புண்டு; அதை அகற்றுவதற்குத் தனி ஆட்கள், தனிச் செலவு. இரண்டு மாதம் வேறிடத்தில் தங்கும் வாடகையும் தளபாடங்களை வைக்கும் செலவும் ஆணைக்குழுவின் காப்புறுதியில் வழக்கமாக அடங்காதவை. தனியார் பொலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காசின் பெறுமதி தேய்வதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, முழுமையாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாயும் பகுதியளவில் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாயும் தவணைகளில் தந்தார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் இன்னொன்று. ஒரே நேரத்தில் கரையோரம் முழுவதும் வீடு கட்டத் தொடங்கியதும் மணலும் கல்லும் விலையேறின, மேசன்மாரின் நாட்கூலி ஏறியது, கடைசித் தவணை வந்தபோது அது கூரைக்குக் காணவில்லை. என் மாமியின் வீடு ஒரு மாரி முழுவதும் தறப்பாள் கூரையோடு நின்றது. கிறைஸ்ட்சேர்ச்சிலும் நடந்தது இதுவே, டொலரில். மதிப்பீடு செய்த திகதிக்கும் வேலை தொடங்கும் திகதிக்கும் இடையில் எத்தனை மாதங்கள் என்று கேளுங்கள்; மதிப்பீடு ஓராண்டு பழையது என்றால் விலைகளைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.

எப்போது காசு நல்லது என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருபக்கம் பேசியதாகிவிடும். சுவர் வெடிப்பு, வர்ணம், ஓரிரு கதவுகள் என்ற அளவில் சேதம் இருந்தால் காசை வாங்கித் தாங்களே செய்விப்பது எளிது. வீட்டை விரிவாக்கவோ அமைப்பை மாற்றவோ எண்ணம் இருந்தாலும், முன்பு திருத்தியவர்கள்மீது நம்பிக்கை போய்விட்டாலும் காசுதான் வழி; உங்கள் தங்கைக்குக் கடைசிக் காரணம் பொருந்தும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மச்சான் உரிமம் பெற்ற கட்டடக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். 30,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் 2015 முதல் சட்டப்படி கட்டாயம். வேலையின் தரத்துக்கான சட்டரீதியான உத்தரவாதம் பத்து ஆண்டுகள் வரை நிற்கும். தெரிந்த தமிழ்ப் பையன் குறைந்த விலைக்குச் செய்து தருவான் என்ற பேச்சு வந்தால், உரிம இலக்கத்தைக் கேட்ட பிறகு பேச்சைத் தொடரலாம்.

இனி அம்மாவின் கூரை. ஒரு கோடி என்று ரூபாயில் பார்க்கும்போது யாருக்கும் மனம் அசையும். ஆனால் அங்கே தச்சனுக்குக் கூலி கொடுக்கப்போவது டொலரில். அதைவிட முக்கியமானது, இழப்பீடு வாங்கிவிட்டுத் திருத்தாமல் விட்ட பகுதிக்கு அடுத்த நிலநடுக்கத்தில் ஒன்றும் கேட்க முடியாமல் போகலாம். தனியார் காப்புறுதியும் சுருங்கலாம். கிறைஸ்ட்சேர்ச்சில் வீடு விற்கப் போனால், வாங்குபவரின் சட்டத்தரணி பழைய இழப்பீட்டுக் கோவையையும் திருத்திய பற்றுச்சீட்டுகளையும் கேட்பார்; காப்புறுதி கிடைக்காத வீட்டுக்கு அவருடைய வங்கி கடன் கொடுக்காது. தங்கையின் வீட்டுக்கும் வங்கிக் கடன் இருக்குமானால் வங்கிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தொகை நேரே வங்கிக்குப் போகும் சந்தர்ப்பமும் உண்டு. கூரைக்கு வேறு வழி தேடுங்கள். இதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது, தங்கையிடம் விட்டுவிட வேண்டாம்; மறுக்க முடியாமல் அவர் ஒத்துக்கொண்டுவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடிதத்துக்குப் பதிலாக, தொகையை ஏற்கவோ மறுக்கவோ இல்லை என்று ஒரு வரியும், மதிப்பீட்டின் முழுப் பிரதி, மட்ட அளவு வரைபடம், பொறியியலாளரின் அறிக்கை, 2013 வேலையின் கோவை ஆகியவற்றைக் கேட்டு ஒரு வரியும் எழுதட்டும். அந்தத் தரப்புடன் தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் வீட்டின் கீழே இறங்கிப் பார்க்கட்டும். அதற்குச் சில ஆயிரம் டொலர் ஆகும், அதைத் திருப்பித் தருமாறும் கேட்கலாம். உள்ளூர் ஒப்பந்தகாரர் இருவரிடம் அதே பட்டியலுக்கு விலை வாங்கட்டும். இழுபறியானால், இத்தகைய கோரிக்கைகளுக்கு அரசாங்கமே நடத்திய இலவசத் தீர்வுச் சேவை அங்கே இருந்தது; இப்போதும் இயங்குகிறதா என்று விசாரித்து, வழக்குக்கு முன் அதன் கதவைத் தட்டலாம். முழுத் தீர்வு ஒப்பந்தம் என்றால் சட்டத்தரணி ஒருவர் வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. வேலையைத் திறக்கும்போது வெளிப்படும் நிலநடுக்கச் சேதம் இந்தத் தீர்வில் அடங்காது என்று ஒரு பந்தி சேர்க்க முடியுமா என அவரிடம் கேட்கட்டும். சில வேளை சேர்ப்பார்கள். சேர்க்க மறுத்தால், தற்செயல் ஒதுக்கீட்டை உயர்த்தச் சொல்வதற்கு அதுவே காரணமாகும்.

பட்டியல் வந்ததும் அதைப் பற்றி இங்கே மேலும் கேளுங்கள். மொத்தத் தொகை உள்ள கடைசிப் பக்கத்தை நான் பிறகு பார்ப்பேன்; தூண்களின் எண்ணிக்கை எழுதியுள்ள பக்கம் எது என்று முதலில் சொல்லுங்கள்.